எதிர் வீட்டுக்கு வர்ற ஃபைபர் எங்க அபார்ட்மெண்டுக்குள்ள ஏன் வரமாட்டேங்குது?

8 பிப்ரவரி 2025. வாசகர் கேள்வி

பெரும்பாக்கத்துல பெரிய அபார்ட்மெண்ட், ஐந்து பிளாக். மொத்தத்துக்கும் ஒரே ஒரு இன்டர்நெட் கம்பெனி. வேற ரெண்டு கம்பெனிக்குப் போன் போட்டா "உங்க பில்டிங் ஃபீசிபிள் இல்ல சார்"னு வச்சுடறாங்க. எதிர்ல இருக்கிற தனி வீட்டுக்கு அதே கம்பெனி ரெண்டே நாள்ல லைன் இழுத்துக் குடுத்துட்டுப் போறான். உலகத்துலயே டேட்டா ரொம்ப சீப்பான நாடுகள்ல நம்ம நாடும் ஒண்ணுன்னு பெருமை பேசறோம். அப்புறம் எதுக்கு எனக்கு மட்டும் ஒரே கடை? லைசென்ஸ் பிரச்சனையா, டெக்னிக்கல் பிரச்சனையா, இல்ல வேற ஏதாவதா?

9 பிப்ரவரி 2025, காலை

டெக்னிக்கல் பிரச்சனை ஒண்ணும் கிடையாது தம்பி. எதிர் வீட்டுக்குக் குடுத்திருக்கான்னா உங்க தெருக் கம்பத்துல அவனோட ஸ்ப்ளிட்டர் பாக்ஸ் (ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி) ஏற்கெனவே தொங்குது. வீடுகளுக்கு ஃபைபர் குடுக்கிற ஜிபான் லைன் 20 கிலோமீட்டர் வரைக்கும் தாங்கும். உங்க கேட்டைத் தாண்டறதுக்கா தாங்காது? தடை அந்த கேட்லதான் இருக்கு.

பில்டர் உங்க குடியிருப்போர் சங்கத்துக்கிட்ட ஒப்படைச்ச ஃபைலைத் தேடி எடுங்க. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், ஜெனரேட்டர் பேப்பர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வரைபடம் எல்லாத்துக்கும் நடுவுல "இன்டர்நெட் சர்வீஸ் பார்ட்னர்"னு ஒரு அக்ரிமெண்ட் இருக்கும். எத்தனை வருஷம், "எக்ஸ்க்ளூசிவ்"னு எங்கயாவது இருக்கா, கேபிள் மாடிக்கு மாடி ஏறுற ஷாஃப்ட்டுக்குள்ள இருக்கிற ஃபைபர் யாருக்குச் சொந்தம். இந்த மூணையும் பார்த்துட்டு எழுதுங்க.

என்னைப் பத்தி ஒரு வரி சொல்லிடறேன். தாம்பரம் பக்கம் கேபிள் ஆபரேட்டரா ஆரம்பிச்சேன். சின்னதா ஐ.எஸ்.பி. (இன்டர்நெட் கம்பெனி) லைசென்ஸ் எடுத்து நடத்தினேன், அப்புறம் வித்துட்டேன். இப்ப பெரிய கம்பெனிகளுக்கே ஸ்ப்ளைசிங் (ஃபைபரை ஒட்டிச் சேர்க்கிற வேலை) கான்ட்ராக்ட் பண்றேன். எல்லாப் பக்கமும் சம்பளம் வாங்கியிருக்கேன். அதனால நான் எழுதறதுல ஒருதலைப்பட்சம் கண்டிப்பா இருக்கும், எந்தத் தலைன்னு எனக்கே தெரியாது.

9 பிப்ரவரி 2025, ராத்திரி

காலையில அவசரத்துல விட்டது. இந்த பில்டர் டீல் எப்படி நடக்குதுன்னு சொல்றேன்.

கட்டடம் எழும்பும்போதே கம்பெனியோட பிசினஸ் ஆள் பில்டரைப் பார்த்துடுவான். "மாடிக்கு மாடி ஏறுற ரைசர் ஃபைபர் முழுக்க எங்க செலவு, கிளப் ஹவுஸுக்கு ஃப்ரீ வைஃபை, சி.சி.டி.வி.க்கு ஃப்ரீ லைன், மாடல் ஃபிளாட்டுக்கு ஃப்ரீ கனெக்ஷன்." பில்டருக்கு ஒரு செலவு மிச்சம், பிரோஷர்ல போட ஒரு வரி லாபம். சில இடத்துல வீட்டுக்கு இவ்வளவுன்னு கைக்காசும் உண்டு. வீடு வாங்கப்போற ஆள் அந்த மேசையில இல்ல. அவர் சாவி வாங்கி உள்ளே வரும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும்.

இது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்குத் தெரியாத சமாச்சாரம் இல்ல. கட்டடத்துக்குள்ள ஒரே கம்பெனிக்குத் தனி உரிமை குடுக்கிற ஒப்பந்தம் கூடாது, உள்கட்டமைப்பைப் பகிரணும்னு 2017 ஜனவரியிலேயே பரிந்துரை குடுத்தாங்க. பரிந்துரைதான். 2023 தொலைத்தொடர்புச் சட்டம் இன்னும் ஒரு படி போய், வழியுரிமையை (அடுத்தவங்க இடத்துல கேபிள் போடற அனுமதி) பாரபட்சம் இல்லாமலும், இயன்றவரை ஒருத்தருக்கு மட்டும்னு இல்லாமலும் குடுக்கணும்னு சொல்லுது. அந்த "இயன்றவரை"யை வச்சு வக்கீலுங்க பத்து வருஷம் ஓட்டலாம். 2024 அக்டோபர்ல கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்புக்காக ஸ்டார் ரேட்டிங் குடுக்கிற ஒழுங்குமுறையையும் ட்ராய் கொண்டுவந்திருக்கு. ஃபிரிட்ஜுக்கு வர்ற ஸ்டார் மாதிரி ஃபிளாட்டுக்கும் வரும். வந்தா, வாங்குறவங்க கேட்க ஆரம்பிப்பாங்க. நீங்க ஏற்கெனவே வாங்கி முடிச்சாச்சு, அதனால உங்களுக்கு இதால பெரிய பயன் இல்ல.

11 பிப்ரவரி 2025

"லைசென்ஸ் ராஜ்தான் காரணம், எவனாலயும் ஐ.எஸ்.பி. ஆரம்பிக்க முடியாது"ன்னு ஒருத்தர் கீழே எழுதியிருக்கார். இல்லங்க. ஒரு சின்ன ஏரியாவுக்கான சி கேட்டகரி லைசென்ஸுக்கு நுழைவுக் கட்டணம் ₹20,000. ஒரு மாநில அளவுக்கு பி கேட்டகரி ₹2 லட்சம், நாடு முழுக்க ஏ கேட்டகரி ₹30 லட்சம். டீக்கடைக்கு அட்வான்ஸ் குடுக்கிற காசுல சி லைசென்ஸ் கையில வந்துடும். நாட்டுல ஆயிரத்துக்கும் மேல இன்டர்நெட் கம்பெனிகள் பேப்பர்ல இருக்கு. ஆனா மொபைலையும் சேர்த்து மொத்த பிராட்பேண்ட் சந்தாதாரர்கள்ல 98 சதவீதத்துக்கு மேல முதல் அஞ்சு கம்பெனிகள்கிட்ட இருக்காங்க. மீதி ஆயிரம் பேரும் அந்த ரெண்டு சதவீதத்துக்குள்ள நெருக்கிக்கிட்டு நிக்கறாங்க.

லைசென்ஸ் வாங்குற வாசல் அகலம். உள்ளே வந்தப்புறம்தான் மூச்சு முட்டும். சரிக்கட்டப்பட்ட வருமானத்துல (அரசு அனுமதிக்கிற கழிவுகள் போக மிச்சம்) 8 சதவீதம் லைசென்ஸ் ஃபீஸ். அதுல 5, கிராமங்களுக்கு இணைப்பு குடுக்கிற நிதிக்குப் போகுது (பழைய பேர் யு.எஸ்.ஓ. ஃபண்ட், இப்ப டிஜிட்டல் பாரத் நிதி). கோடிக்கணக்குல வருமானம் பார்க்கிறவனுக்கும் அதே 8, ரெண்டு தெரு வச்சிருக்கிறவனுக்கும் அதே 8. வயர் லைன் பிராட்பேண்டுக்கு இதை விலக்கணும்னு 2021-ல ட்ராயே எழுதிச்சு.

அதுக்கு மேல லாக். எந்த வாடிக்கையாளர் எந்த நேரத்துல எந்த ஐ.பி.ல (இன்டர்நெட் முகவரி) இருந்தார்ங்கிற பதிவை ரெண்டு வருஷம் வச்சிருக்கணும்னு 2021 டிசம்பர்ல நிபந்தனையை மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி ஒரு வருஷம். ஐ.பி.வி4 அட்ரஸ் பத்தாம நூறு வீட்டை ஒரே பப்ளிக் ஐ.பி. பின்னால வச்சிருக்கிற சின்ன ஆளுக்கு, ஒவ்வொரு வீடும் திறக்கிற ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு வரி லாக். ஹார்ட் டிஸ்க் வாங்கியே தீர்ந்துடுவான். என்கிட்ட அந்த ரேக் இருந்த ரூமுக்கு வந்த ஏ.சி. பில், ஆபீஸ் வாடகையைத் தாண்டிடுச்சு.

14 பிப்ரவரி 2025

"பேண்ட்விட்த் எங்கேருந்து வாங்கினீங்க?"ன்னு கேட்டதுக்கு.

இதுதான் இந்தத் தொழிலோட பெரிய காமெடி. மொத்தமா பேண்ட்விட்த் விக்கிறவனும் பக்கத்துத் தெருவுல என் வாடிக்கையாளரைத் தட்டிக்கிட்டுப் போறவனும் பல சமயம் ஒரே கம்பெனி. மாடியில மொத்த வியாபாரம், கீழே சில்லறை. என் செலவு என்னன்னு அவனுக்கு என்னைவிட நல்லாத் தெரியும், ஏன்னா இன்வாய்ஸ் போடறதே அவன்தான்.

இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு, அதுவும் நம்ம ஊர்லயே. அரசு கம்பெனியான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்னிக்குப் பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்தப்போ சென்னையும் அதுல ஒண்ணு. 1998 நவம்பர் வரைக்கும் அவங்களைத் தவிர வேற ஆளே கிடையாது. அப்புறம் தனியாருக்குத் திறந்தாங்க. 2002-ல சிங்கப்பூர்லேருந்து ஐ2ஐங்கிற கடலடி கேபிள் சென்னைக் கரைக்கு வந்துச்சு, பாரதியும் (ஏர்டெல் கம்பெனி) சிங்கப்பூரோட சிங்டெல்லும் சேர்ந்து போட்டது. அடுத்து டாடாவோட கேபிள். கடலுக்கடியில கொள்ளளவு கொட்டிக் கிடந்துச்சு. ஆனா அந்தக் கேபிள் கரையேறுற நிலையம் ரெண்டு மூணு பேர் கையில. கடல்ல கொள்ளளவு வாங்கி வச்சிருக்கிற இன்னொரு கம்பெனி, நிலையத்துக்குள்ள நுழைஞ்சு தன் லைனை மாட்டிக்க அந்த நிலையத்துக்காரனுக்குத் தனியா கட்டணம் கட்டணும்.

நுழைய விடணும்னு ட்ராய் 2007-ல ஒழுங்குமுறை போட்டுச்சு. கட்டணத்துக்கு வரம்பு வச்சது 2012-ல. உடனே சென்னை உயர் நீதிமன்றத்துல வழக்கு. அது மேலே போய் இறங்கி 2018-லதான் ஓய்ஞ்சுது. அதுக்குள்ள கேஸ் தொடங்கினப்போ இருந்த சின்னக் கம்பெனிகள்ல பலது கடையை மூடியாச்சு. சட்டம் ஜெயிச்சா மட்டும் பத்தாது, எத்தனாவது வருஷத்துல ஜெயிக்குதுன்னும் பார்க்கணும்.

14 பிப்ரவரி 2025, கொஞ்சம் கழிச்சு

அதே ரகத்துல இன்னொண்ணு, எழுதறப்பவே ஞாபகம் வந்துச்சு. 2004-ல வீட்டுக்கு வீடு செப்புக் கம்பி வச்சிருந்தது பெரும்பாலும் அரசோட பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல்.தான். அந்தக் கம்பியை மத்த கம்பெனிகளுக்கும் வாடகைக்கு விடணும்னு ட்ராய் பரிந்துரைச்சுது. அதே வருஷம் அக்டோபர்ல வந்த பிராட்பேண்ட் கொள்கையில அரசு அதைக் கட்டாயமாக்கல. ஐரோப்பாவுல பல நாடுகள்ல ஒரே கம்பியில பத்துக் கம்பெனி போட்டி போட்டதுக்கு இந்த வாடகை முறைதான் காரணம். நம்ம ஊர்ல அந்தக் கதவு திறக்கவே இல்ல. இப்ப செப்புக் கம்பிக்கு மதிப்பு பழைய இரும்புக் கடையில மட்டும்.

15 பிப்ரவரி 2025

பி.எஸ்.என்.எல்.லோட டேட்டாஒன் பிராட்பேண்ட் காலத்தை ஒருத்தர் கிளறி விட்டுட்டார். ராத்திரி 2 மணியிலேருந்து காலை 8 வரை அன்லிமிடெட். அலாரம் வச்சு எழுந்து டவுன்லோட் போட்டுட்டுத் திரும்பப் படுத்த தலைமுறை நாம. அன்னிக்கு 256 கே.பி.பி.எஸ். இருந்தாலே அரசாங்கக் கணக்குல பிராட்பேண்ட். அப்புறம் 512 ஆச்சு. 2 எம்.பி.பி.எஸ். ஆனது 2023 ஜனவரியிலதான். அதாவது 2022-ல 600 கே.பி.பி.எஸ்.ல வட்டம் சுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தவரும் பிராட்பேண்ட் சந்தாதாரர்தான், வாழ்த்துக்கள்.

20 பிப்ரவரி 2025

அடுத்தது தெருக் கம்பத்தைப் பத்தி.

தெருவுல ஃபைபர் போட ரெண்டு வழி. தோண்டணும், இல்ல தொங்க விடணும். தோண்டறதுக்கு மாநகராட்சி அனுமதி, ரோடு வெட்டின அளவுக்கு மீட்டர் கணக்குல சீரமைப்புக் கட்டணம், டெபாசிட். வடகிழக்குப் பருவமழை வர்றதுக்கு முன்னாடி சென்னையில சாலை வெட்டுக்குத் தடை போட்டுடுவாங்க. அதுல தப்பு சொல்ல முடியாது, குழியில பைக் விட்டு விழுந்தவங்களுக்குத் தெரியும். ஆனா பெரிய கம்பெனி ஒரே விண்ணப்பத்துல ஒரு மண்டலத்துக்கே அனுமதி வாங்கி, தடைக்கு முன்னாடி ராத்திரியோட ராத்திரியா முடிச்சுடும். சின்ன ஆள் ரெண்டு தெருவுக்கு மனு போட்டா, அந்த மனு மழையோட ஊறிக்கிட்டு இருக்கும்.

2016 வழியுரிமை விதியில, 60 நாள்ல பதில் இல்லன்னா அனுமதி குடுத்ததாவே அர்த்தம்னு இருந்துச்சு. அதை நம்பி பதில் வராத மனுவை வச்சுக்கிட்டு மண்வெட்டியோட நின்னுப் பாருங்க. மாநகராட்சியோட ஏரியா உதவிப் பொறியாளர் வந்து கேட்கிறப்போ கெசட்டைக் காட்டினா சிரிப்பார். புது விதி 2025 ஜனவரி 1-லேருந்து அமலுக்கு வந்திருக்கு, ஒரே போர்ட்டல்ல எல்லாம்னு சொல்றாங்க. பார்க்கலாம்.

அதனால எல்லாரும் தொங்க விடறோம். தெருவிளக்குக் கம்பம், இ.பி. கம்பம், மரம், யார் வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரோ அது. தலைக்கு மேல போற ஃபைபருக்கு அதிகபட்சம் கிலோமீட்டருக்கு ₹1,000, அதுவும் ஒரே தடவைன்னு 2021-ல மத்திய விதி வந்துச்சு. கம்பத்துக்கு உண்மையான வாடகை வேற இடத்துல இருக்கு. அந்தக் கம்பத்துல முதல்ல ஏறினவன் யாரோ அவன்கிட்ட.

வெட்டு விழுந்த கேபிளைக் கையில எடுத்தாலே யார் வேலைன்னு சொல்லிடலாம். லாரி இழுத்திருந்தா கேபிளுக்குப் பலம் குடுக்க உள்ளே வச்சிருக்கிற வெள்ளை எஃப்.ஆர்.பி. குச்சி நீண்டு, நார் நாராப் பிரிஞ்சு வெளியே நிக்கும், ஜாக்கெட் சுருங்கிப் பின்னால போயிருக்கும். எலி கடிச்சிருந்தா ஒரு பக்கம் மட்டும் பல் பல்லாத் தோண்டின தடம், பாதி ஃபைபர் உயிரோட இருக்கும், வாடிக்கையாளர் "விட்டு விட்டு வருது"ம்பார். கட்டிங் பிளேயர் போட்டிருந்தா சதுரமா, பளிச்சுன்னு வெட்டு. அதுவும் ஜாயிண்ட் பாக்ஸுக்கு ரொம்பப் பக்கத்துல, இழுத்துச் சேர்க்க மிச்சக் கேபிள் இல்லாத இடமாப் பார்த்து. அதுக்குத் தொழில் தெரிஞ்சிருக்கணும். புது ஏரியாவுல நான் கால் வச்ச முதல் வாரம் எலித்தொல்லை ஒரு தடவைகூட வரல. பிளேயர் தொல்லைதான்.

போலீஸ்ல போனீங்களான்னு கேட்காதீங்க. யார் மேலன்னு எழுதிக் குடுக்கிறது?

2 மார்ச் 2025

வேளச்சேரிப் பக்கம் ஒரு சங்கத்துச் செயலாளர் அம்மா நீளமா எழுதியிருக்காங்க. சுருக்கமா: "எல்லாச் சங்கமும் கமிஷன் வாங்கறதாப் பேசாதீங்க. மூணு கம்பெனியை உள்ளே விட்டோம். ஒவ்வொருத்தனும் தனித்தனியா ஓட்டை போட்டான். ஷாஃப்ட்டுக்குள்ள போனா எது உயிர் எது பிணம்னு தெரியாம கேபிள் குப்பை. மழையில அந்த ஓட்டை வழியா மீட்டர் ரூம்ல தண்ணி. அப்புறம்தான் ஒரே கம்பெனின்னு முடிவு பண்ணோம்."

அவங்க சொல்றது நியாயம். அந்த ஷாஃப்ட் நானும் பார்த்த ரகம்தான். இரும்புக் கிரில் கதவு, பூட்டுக்குச் சாவி செக்யூரிட்டிகிட்டயும் இல்ல, சங்கத்துகிட்டயும் இல்ல, என்னிக்கோ வேலையை விட்டுட்டுப் போன ஒரு டெக்னீஷியன்கிட்ட. உள்ளே வரிசையா ஓ.என்.யூ. (ஃபைபர் முடியற இடத்துல வைக்கிற பெட்டி) அடாப்டர், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஒண்ணு மேல ஒண்ணு. எவன் வந்தாலும் வீட்டுக்குப் புதுசா ஒரு கேபிளை இழுத்துட்டுப் போவானே தவிர, செத்ததை உருவ மாட்டான். உருவுறதுக்கு யாரும் காசு தரமாட்டாங்க.

பிப்ரவரி 9-ஆம் தேதி நான் எழுதினது பில்டரை மட்டும் குறி வச்சிருந்துச்சு. இந்த அம்மா எழுதினதைப் படிச்சப்புறம் இன்னொண்ணு சேர்க்கணும்னு தோணுது. பல சங்கங்கள் ஒரே கம்பெனிக்குப் போறது பேராசையால இல்ல, அலுப்புல. அந்த அலுப்பைக் கம்பெனிக்காரன் நல்லாப் பயன்படுத்திக்கறான். "மேடம், நாங்க மட்டும்னா நீட்டா மெயின்டெய்ன் பண்ணித் தர்றோம்." முதல் வருஷம் நீட்டாத்தான் இருக்கும்.

ஒரு கம்பெனியா குப்பையாங்கிற ரெண்டுக்கு நடுவுல வழி இருக்கு. கட்டடம் தன் காசுல வீட்டுக்கு ரெண்டு ஃபைபர் இழுத்து, எல்லாத்தையும் கீழே ஒரு ரூம்ல பேட்ச் பேனல்ல (வரிசையா சாக்கெட் இருக்கிற பலகை) முடிச்சு, வீட்டு நம்பர் எழுதி வச்சுடணும். எந்தக் கம்பெனி வந்தாலும் அந்த ரூம் வரைக்கும் வரலாம். வீட்டுக்காரர் கம்பெனி மாத்தினா ஒரு பேட்ச் கார்டை (ரெண்டு முனையிலயும் பிளக் இருக்கிற சின்ன ஒயர்) இங்கேருந்து உருவி அங்கே குத்தணும், ரெண்டு நிமிஷ வேலை. ஷாஃப்ட்டுக்குள்ள ஒருத்தனும் கால் வைக்க வேண்டியதில்ல. செலவு? பெயிண்ட் அடிக்கிற செலவுல ஒரு மூலைகூட வராது. ஆனா பெயிண்டுக்கு ஜெனரல் பாடியில கை தூக்குவாங்க. கண்ணுக்குத் தெரியாத ஃபைபருக்கு "இப்ப எதுக்கு?"ம்பாங்க.

13 மார்ச் 2025

"சாட்டிலைட்ல இன்டர்நெட் குடுக்கிற ஸ்டார்லிங்க் வந்தா எல்லாம் மாறிடும், கம்பமும் வேணாம் ஷாஃப்ட்டும் வேணாம்"னு போன வாரம் ஒருத்தர் எழுதியிருந்தார். நேத்தும் முந்தாநாளும் செய்தி பார்த்தீங்களா? முந்தாநாள் ஏர்டெல் அவங்களோட ஒப்பந்தம், நேத்து ஜியோவும் ஒப்பந்தம். வானத்துலேருந்து போட்டி வருதுன்னு அண்ணாந்து பார்த்தோம். அது இறங்கினது அதே ரெண்டு கடை வாசல்ல.

மலைக் கிராமத்துக்கு நல்லது. பெரும்பாக்கம் அஞ்சாவது மாடிக்கு இது பதில் இல்ல.

27 மார்ச் 2025

விலையை வச்சு அடிக்கிறதைப் பத்தி நாலஞ்சு பேர் கேட்டுட்டீங்க.

2019 செப்டம்பர்ல ஜியோஃபைபர் ₹699-ல ஆரம்பிச்சாங்க. ஒரு வருஷம் கழிச்சு ₹399-க்கு 30 எம்.பி.பி.எஸ்., அளவில்லாம, ஒரு மாசம் இலவசமாப் பார்த்துட்டு எடுக்கலாம்னாங்க. ஏர்டெல் அதே மாசம் ₹499-க்கு வந்துச்சு. மக்களுக்கு லாபம், மறுக்கவே முடியாது. கொரோனா சமயம், பசங்களுக்கு ஆன்லைன் கிளாஸ். என் வாடிக்கையாளர் ஒருத்தர், பல வருஷப் பழக்கம், சங்கடத்தோடதான் சொன்னார்: "நீங்க குடுக்கற சர்வீஸ் நல்லாத்தான் இருக்கு, ஆனா அங்க டி.வி.யும் சேர்த்துத் தர்றானே." நான் என்ன சொல்றது? நானா இருந்தாலும் மாறியிருப்பேன்.

சின்ன ஐ.எஸ்.பி.யால மொபைல் லாபத்தை எடுத்து வயர் லைன்ல போட முடியாது, ஏன்னா மொபைலே கிடையாது. ஆன்லைன்ல படம் காட்டுற ஓ.டி.டி. கம்பெனி ரெண்டாயிரம் வாடிக்கையாளர் வச்சிருக்கிறவனோட பேச்சுவார்த்தைக்கே உட்காராது. போட்டி ஆணையத்துக்குப் போகலாமேன்னு கேட்டீங்க. மொபைல்ல ஜியோ இலவசமாக் குடுத்ததை எதிர்த்து ஏர்டெல்லே போச்சு. 2017 ஜூன்ல தள்ளுபடி. புதுசா வந்தவங்க சந்தையில ஆதிக்கம் செலுத்தற நிலையில இல்ல, அதனால அந்தப் பிரிவுல வராதுன்னு சொன்னாங்க. சட்டப்படி அந்த வாதம் புரியுது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த பதில்னா, நான் எந்த மூலை?

இதுல எனக்கு ரெண்டு மனசு. இந்த விலைச் சண்டை இல்லன்னா தமிழ்நாட்டுல பல வீட்டுக்கு வயர் லைன் போயிருக்காது. நாங்க சின்ன ஆளுங்க 10 எம்.பி.பி.எஸ்.ஸை வச்சுக்கிட்டு வருஷக்கணக்குல அதே விலைக்கு ஓட்டினோம்ங்கிறதும் நிஜம். ஆனா சின்னவன் காலியானப்புறம் அதே விலை நிக்கும்னு யாரும் எழுதிக் குடுக்கல.

28 மார்ச் 2025

மாறுறது எவ்வளவு சுலபம்னு ஒருத்தர் கேட்டார். மொபைல்ல நம்பரைத் தூக்கிக்கிட்டுப் போயிடலாம். பிராட்பேண்ட்ல ஆறு மாசம், ஒரு வருஷம்னு முன்பணம் கட்டியிருப்பீங்க. ரூட்டர் அவங்களுது, வேற லைன்ல வேலை செய்யாது. திருப்பிக் குடுத்து டெபாசிட்டை வாங்க கஸ்டமர் கேர்ல தவம் கிடக்கணும். ஸ்மார்ட் டி.வி., கேமரா, மாமியார் போன் எல்லாத்துலயும் புது வைஃபை பாஸ்வேர்ட் போடணும். கடைசிக் காரணத்துக்காகவே மாறாத குடும்பங்களை எனக்குத் தெரியும். அவங்களுக்குச் சொல்றேன்: புது ரூட்டர்லயும் பழைய பேரையே, பழைய பாஸ்வேர்டையே வச்சுடுங்க. ஒண்ணையும் தொட வேணாம்.

19 ஏப்ரல் 2025

அமெரிக்காவுல டென்னிசி மாநிலத்துலேருந்து ஒரு தமிழர்: "இங்க அரசாங்கமே குடுக்குது, அங்க ஏன் குடுக்கக் கூடாது?" அவர் சொல்றது சட்டனூகா ஊர். ஊருக்குச் சொந்தமான மின்சார நிறுவனம் 2010-லயே ஒரு கிகாபிட் வேகம் குடுத்துச்சு. கரண்ட் கம்பம் அவங்களுது, அதனால கம்பத்துக்கு யார்கிட்டயும் கையேந்த வேணாம். ஆனா கதையோட மறுபாதியையும் சொல்லுங்க சார். பக்கத்துக் கிராமங்கள் "எங்களுக்கும் குடுங்க"ன்னு கேட்டப்போ, மின்சார எல்லையைத் தாண்டி இன்டர்நெட் குடுக்கக் கூடாதுன்னு மாநிலச் சட்டம் குறுக்கே நின்னுச்சு. அந்த நாட்டோட தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 2015-ல அந்தத் தடையை நீக்கப் பார்த்துச்சு, 2016-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்.சி.சி.க்கு அந்த அதிகாரம் இல்லன்னுடுச்சு. தனியார் கம்பெனிக்குப் போட்டியா ஊராட்சி வரக்கூடாதுன்னு பல மாநிலங்கள் சட்டமே போட்டு வச்ச நாடு அது.

நம்ம ஊர்ல அப்படிச் சட்டம் ஒண்ணும் குறுக்கே இல்ல. தமிழ்நாடு அரசோட டான்ஃபிநெட் நிறுவனம் மூலமா 12,525 கிராமப் பஞ்சாயத்துக்கு ஃபைபர்னு திட்டமே இருக்கு. ஆனா பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் ஃபைபர் வர்றது ஒரு வேலை, அங்கேருந்து வீட்டுக்கு இழுத்து, புயலடிச்சா அடுத்த நாள் ஏணியோட போய் நிக்கிறது வேற வேலை. அந்த ரெண்டாவது வேலைக்கு உள்ளூர் கேபிள்காரன்தான் சரியான ஆள். பி.எஸ்.என்.எல். அதைப் புரிஞ்சுக்கிட்டு உள்ளூர் ஆபரேட்டர்களோட வருமானத்தைப் பங்கு போட்டுக்குது. பல ஊர்ல பி.எஸ்.என்.எல். ஃபைபர் இன்னிக்கு மூச்சு விடறதே இவங்களாலதான்.

அதே அமெரிக்காவுல அபார்ட்மெண்ட் தனி ஒப்பந்தத்தை 2008-லயே தடை பண்ணாங்க. வருமானப் பங்குங்கிற பேர்ல அதே விஷயம் பின்வாசல் வழியா நுழைஞ்சுது. 2022-ல அந்த வாசலையும் அடைச்சாங்க. பில்டர்கள் உலகம் பூரா ஒரே ஜாதி.

4 மே 2025

"உள்ளூர் கேபிள்காரனைத் தியாகி மாதிரி எழுதறீங்களே, எங்க ஏரியாவுல பாதிப் பிரச்சனையே அவர்தான்"னு ஒரு தம்பி காட்டமா எழுதியிருக்கார். சொல்லாம விட்டா நல்லா இருக்காது, அதனால சொல்றேன்.

ஏரியா பிரிப்பு நிஜம். பெரிய தெருவுக்கு வடக்கே அவர், தெற்கே நான். கேபிள் டி.வி. காலத்துல போட்ட கோடு. பேப்பர் கிடையாது, கல்யாணத்துல பந்தி முடிஞ்சு தாம்பூலப் பையோட நின்னுப் பேசி முடிச்சது. இன்டர்நெட் வந்தப்போ அதே கோடு அப்படியே ஒட்டிக்கிச்சு. வடக்குத் தெரு ஆள் எனக்குப் போன் பண்ணா "அங்க எங்க லைன் இல்ல சார்"னு சொல்லியிருக்கேன். லைன் இருந்துச்சு, தலைக்கு மேலேயே போச்சு. பெரும்பாக்கம் தம்பிக்குக் கம்பெனிக்காரன் சொன்ன பதிலும் இதே பதில்தான், அவன் இங்கிலீஷ்ல சொன்னான்.

அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு சம்பாதிச்சுதான் என் பொண்ணைப் படிக்க வச்சேன். பெரிய கம்பெனி வந்து கோட்டை மதிக்காம ரெண்டு பக்கமும் இழுத்தப்போ நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து அநியாயம்னு கத்தினோம். வாடிக்கையாளர் பக்கத்துலேருந்து பார்த்தா அன்னிக்குத்தான் அந்தத் தெருவுல முதல் முதலா போட்டியே வந்துச்சு.

அதுக்காகப் பெரியவன் வந்தா எல்லாம் சரியாயிடும்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க. எங்க கோடு தெருவோட நின்னுச்சு. அவங்க கோடு அபார்ட்மெண்ட் கேட்லேருந்து கடல் கரை வரைக்கும் போகுது.

8 ஜூன் 2025

பெரும்பாக்கம் தம்பி திரும்ப வந்துட்டார். அக்ரிமெண்ட் கிடைச்சுதாம். சங்கம் போட்டதே இல்ல, பில்டர் போட்டது. காலம் முடியறது இந்த வருஷக் கடைசி. அதுக்கு மேல தானா நீளும்னு ஒரு ஷரத்து, வேண்டாம்னா மூணு மாசம் முன்னாடி எழுத்துல சொல்லணும். ரைசர் ஃபைபர் கம்பெனிக்குச் சொந்தம்.

தம்பி, இப்பவே கடிதம் குடுத்துடுங்க. ஸ்பீடு போஸ்ட்ல ஒண்ணு, ஈமெயில்ல ஒண்ணு. செப்டம்பர் வந்தப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டீங்கன்னா தானா நீண்டுடும், இந்த ஷரத்தை எழுதினவன் நம்பறதே அதைத்தான். கம்பெனி ஆள் ஸ்வீட் பாக்ஸோட வருவான், ஸ்பீடு டபுள் பண்றேம்பான். வாங்கிக்கோங்க, ஸ்வீட்டைச் சொல்றேன்.

ரைசரை விலைக்குக் கேட்டுப் பாருங்க. உருவி எடுத்துட்டுப் போற கூலி அந்தப் பழைய ஃபைபரோட மதிப்பைவிட அதிகம்னு அவனுக்கும் தெரியும், அதனால முதல்ல சொல்ற விலையில நிக்காதீங்க. தரலன்னா புதுசா இழுங்க. ஒவ்வொரு வீட்டுலயும் பவர் மீட்டர் (ஃபைபர்ல எவ்வளவு ஒளி வருதுன்னு காட்டுற கருவி) வச்சு ரீடிங் எடுத்து, அந்தத் தாளைக் கான்ட்ராக்டர்கிட்ட கையெழுத்தோட வாங்குங்க. மைனஸ் 25 டி.பி.எம்.முக்குக் கீழே போற வீடு இருந்தா பில் பாஸ் பண்ணாதீங்க. மழைக்கு முதல்ல விழறது அந்த வீடுதான்.

புது ஒப்பந்தம் யாரோட போட்டாலும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற மாதிரி போடுங்க. இணைப்பைத் துண்டிச்சா ஒரு மாசத்துக்குள்ள தன் கேபிளைத் தானே எடுத்துடணும், இல்லன்னா டெபாசிட் போச்சுன்னு ஒரு வரி சேருங்க. அப்புறம் அந்த பேட்ச் ரூம் சாவி. அது சங்கத்து ஆபீஸ் ஆணியில தொங்கணும், வந்துபோறவன் பேர் நோட்டுல இருக்கணும். ரெண்டாவது கம்பெனி வந்த முதல் வாரம் அங்க ஏதாவது ஒயர் பளிச்சுன்னு சதுரமா வெட்டியிருந்தா, அந்த நோட்டைத் திறந்து பார்த்துட்டு எனக்கு எழுதுங்க.

9 ஜூன் 2025

நாலு பேர் கேட்டதால: ரைசர் வேலைக்கு நான் கொட்டேஷன் குடுக்கமாட்டேன். இவ்வளவும் எழுதிட்டு அதையும் குடுத்தா நல்லா இருக்காது. மூணு இடத்துல வாங்குங்க, மீட்டர் ரேட்டையும் ஸ்ப்ளைஸ் ரேட்டையும் தனித்தனியாக் கேளுங்க.